ஓப்பன்எஸ்எஸ்எல் அப்டேட் போட்ட பிறகும் பழைய பதிப்பெண்ணே வருகிறது: என்ன பார்க்க வேண்டும், என்ன செய்யக் கூடாது

கேள்வி இது: உபுண்டு 22.04 சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் ஓடுகிறது. அதன் இணைப்புகளைக் குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரிக்குப் பாதுகாப்பு அப்டேட் வந்ததும் ஏபிடி அப்டேட், ஏபிடி அப்கிரேட் இரண்டையும் ஓட்டியாயிற்று. அதன் பிறகும் வெர்ஷன் கேட்டால் 3.0.2 என்றே வருகிறது. ஆடிட் குழுவின் ஸ்கேனர் அதை ஓட்டை உள்ள பதிப்பு என்று சிவப்பில் காட்டுகிறது. சோர்ஸை இறக்கிப் புதிய பதிப்பை நாமே கம்பைல் செய்துவிடலாமா? சான்றிதழையும் மாற்ற வேண்டுமா? தளம் நிற்காமல் இதையெல்லாம் செய்ய முடியுமா?

முதலில் நேரடியான பதில். கம்பைல் செய்ய வேண்டாம். 3.0.2 என்று வருவது கோளாறு இல்லை. ஆனால் என்ஜின்எக்ஸை முழுதாக ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டிருந்தால் பேட்ச் டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது, தளத்தை நடத்திக்கொண்டிருக்கும் ப்ராசஸுக்குள் இன்னும் போகவில்லை. ஸ்கேனர் சொல்வதை விட இதுதான் நிஜமான ஆபத்து. சான்றிதழை மாற்றுவது ஓட்டையின் வகையைப் பொறுத்தது, பெரும்பாலான அப்டேட்டுகளுக்குத் தேவைப்படாது. தளம் நிற்காமல் செய்ய வழி உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பதிப்பெண் ஏன் நகரவில்லை

ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டக்குழு 3.0 தொடரை 2021 செப்டம்பர் 7 அன்று வெளியிட்டது. 3.0.2 வந்தது 2022 மார்ச் 15. அதற்கடுத்த மாதம் வெளிவந்த உபுண்டு 22.04 அந்த 3.0.2-ஐ எடுத்துக்கொண்டு, அதையே ஆயுள் முழுக்க வைத்திருக்கிறது. திட்டக்குழு 3.0.3, 3.0.4 என்று போய்க்கொண்டே இருந்தாலும், உபுண்டு அந்தப் பதிப்புகளை அப்படியே எடுப்பதில்லை. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, தன்னிடம் இருக்கும் 3.0.2 சோர்ஸில் ஒட்டி, பேக்கேஜ் எண்ணின் வால்பகுதியை மட்டும் ஒன்று கூட்டும். இதைத்தான் பேக்போர்ட் என்கிறோம்.

ஓர் உதாரணம். சிவிஇ-2022-3602 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரப்படும் பொதுப் பதிவெண்) என்ற ஓட்டைக்குத் திட்டக்குழு 3.0.7-இல் திருத்தம் தந்தது. உபுண்டு 22.04-இல் அதே திருத்தம் 3.0.2-0உபுண்டு1.7 என்ற பேக்கேஜில் வந்தது. ஸ்கேனர் முதல் மூன்று எண்களை மட்டும் படித்தால் '3.0.7-க்கு முந்தையது' என்று சொல்லும். பேக்கேஜ் எண்ணை முழுதாகப் படித்தால்தான் உண்மை தெரியும்.

எல்லா லினக்ஸ் டிஸ்ட்ரோவும் இப்படி இல்லை. டெபியன் 12 தன் இடைக்கால வெளியீடுகளில் 3.0 தொடரின் புதிய பதிப்புகளையே எடுத்துக்கொள்கிறது, அங்கே மூன்றாவது எண்ணும் நகரும். ரெட் ஹேட் பெரும்பாலும் உபுண்டு வழி. ஆகவே நண்பரின் டெபியன் சர்வரில் தெரியும் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதில் பயனில்லை.

சரிபார்க்க இரண்டு இடங்கள். முதலில் டிபிகேஜி (உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) பட்டியலில் லிப்எஸ்எஸ்எல்3 என்ற பேக்கேஜின் முழு எண்ணைப் பாருங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பெயரிலேயே இருக்கும் பேக்கேஜ் வெறும் கட்டளைக் கருவிதான். என்ஜின்எக்ஸ் பயன்படுத்தும் லைப்ரரிகள் இரண்டும் லிப்எஸ்எஸ்எல்3-க்குள்தான் இருக்கின்றன. 'ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜை மட்டும் அப்கிரேட் செய்தேன்' என்று ஒருவர் சொன்னால், லைப்ரரியும் கூடவே ஏறியதா என்று தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். அடுத்து அந்தப் பேக்கேஜின் சேஞ்ச்லாக், அதாவது மாற்றங்களின் பட்டியல். நீங்கள் கவலைப்படும் சிவிஇ எண்ணை அதில் தேடுங்கள். இருந்தால் திருத்தம் உள்ளே இருக்கிறது. இல்லையென்றால் உபுண்டுவின் பாதுகாப்புப் பக்கத்தில் அதே சிவிஇ எண்ணைப் போட்டுப் பாருங்கள். 'இந்தப் பதிப்பைப் பாதிக்காது' என்று குறித்திருக்கவும் வாய்ப்புண்டு. ரெட் ஹேட் வகையில் ஆர்பிஎம் கட்டளையின் சேஞ்ச்லாக் ஆப்ஷன் இதே வேலையைச் செய்யும்.

பேக்போர்ட் என்பது பழசைக் கட்டிக்கொண்டு அழுவது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2022 ஜூனில் வந்த 3.0.4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் பராமரிப்பு வெளியீடுதான். ஆனால் ஏவிஎக்ஸ்512 வசதியின் ஒரு குறிப்பிட்ட பகுதி உள்ள இன்டெல் சிப்களில் 2048 பிட் ஆர்எஸ்ஏ கணக்கீட்டின்போது மெமரியைக் கெடுக்கும் புதிய பிழை ஒன்று அதில் நுழைந்துவிட்டது. சிவிஇ-2022-2274 என்று எண் கொடுத்து, ஜூலை 5 அன்று 3.0.5 வெளியிட்டுச் சரிசெய்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 3.0.6-ஐ வெளியிட்ட சூட்டோடு திரும்பப் பெற வேண்டியிருந்தது. 3.0.2-இல் பேக்போர்ட்டோடு இருந்தவர்களை இந்த இரண்டுமே தொடவில்லை. திருத்தம் சிறியதாக இருந்தால் உடைவதற்கான இடமும் குறைவு.

டிஸ்கில் புதியது, மெமரியில் பழையது

என்ஜின்எக்ஸ் தொடங்கும் நேரத்தில் லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ ஆகிய இரண்டு கோப்புகளையும் மெமரியில் ஏற்றிக்கொள்கிறது. பிறகு டிபிகேஜி புதிய கோப்பைக் கொண்டுவந்து அதே பெயரில் வைக்கும்போது, பழைய கோப்பின் பெயர் மட்டும்தான் டிஸ்கிலிருந்து போகிறது. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ப்ராசஸ் ஒன்று இருக்கும் வரை பழைய உள்ளடக்கம் உயிரோடு இருக்கும். மூன்று மாதம் ரீஸ்டார்ட் செய்யாத என்ஜின்எக்ஸ், மூன்று மாதத்துக்கு முந்தைய ஓட்டையோடுதான் ஓடும்.

இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். என்ஜின்எக்ஸ் மாஸ்டர் ப்ராசஸின் (கோரிக்கைகளைக் கையாளும் ஒர்க்கர்களை நடத்தும் தாய் ப்ராசஸ்) எண்ணை எடுங்கள். ப்ராக் கோப்பகத்தில் அந்த எண்ணின் அடியில் மேப்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும், ரூட் உரிமையோடு திறங்கள். ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் நீளமான ஹெக்ஸ் முகவரி வரம்பு, அதையடுத்து அனுமதி எழுத்துகள், வலக்கோடியில் கோப்பின் பாதை. லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ வரிகளைத் தேடிப் பிடியுங்கள். பாதைக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'டிலீட்டட்' என்று இருந்தால் அந்த ப்ராசஸ் பழைய லைப்ரரியில் ஓடுகிறது. எல்எஸ்ஓஎஃப் கருவியில் பார்த்தால் எஃப்டி பத்தியில் 'டிஇஎல்' என்று வரும்.

எல்லா ப்ராசஸையும் ஒரே மூச்சில் பார்க்க உபுண்டு 22.04 சர்வரில் நீட்ரீஸ்டார்ட் கருவி உண்டு. அப்கிரேட் முடிந்ததும் எந்தச் சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்யலாம் என்று திரையில் பட்டியல் வருமே, அது இதன் வேலைதான். அவசரத்தில் பலர் அந்தத் திரையை கேன்சல் கொடுத்துத் தாண்டிவிடுகிறார்கள், பேட்ச் பாதியில் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் மூலம் இரவோடு இரவாக அப்டேட் ஏறியிருந்தால் அந்தத் திரையை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள். டெபியனில் டெபியன்-குட்டீஸ் பேக்கேஜில் வரும் செக்ரீஸ்டார்ட், ரெட் ஹேட் வகையில் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் ஆகியவை இதற்கு இணை.

ரீலோட் போதாது

என்ஜின்எக்ஸ் நடத்துபவர்கள் பலருக்கும் கைவந்த பழக்கம் ரீலோட். சான்றிதழ் வாங்கித் தரும் சர்ட்பாட் கருவி அதைப் புதுப்பித்ததும் ரீலோட் செய்தால் போதும், ஏனென்றால் சான்றிதழும் கீயும் கோப்பிலிருந்து புதிதாகப் படிக்கப்படும். லைப்ரரி அப்படி இல்லை. ரீலோட் என்பது மாஸ்டருக்கு ஹப் சிக்னல் அனுப்புவது. மாஸ்டர் கான்ஃபிகை மறுபடி படித்து, தன்னிலிருந்து புதிய ஒர்க்கர்களைப் பிரித்துவிடும். மாஸ்டர் மட்டும் பழைய ப்ராசஸாகவே தொடரும். அதன் மெமரியில் இருக்கும் பழைய லைப்ரரிதான் புதிய ஒர்க்கர்களுக்கும் வாரிசாகப் போகிறது. ஒர்க்கர் தொடங்கிய நேரம் 'இப்போது' என்று காட்டும், உள்ளே ஓடுவது பழைய குறியீடு. இந்த நேரத்தை நம்பி ஏமாற வேண்டாம், மாஸ்டர் தொடங்கிய நேரத்தைப் பாருங்கள்.

அப்பாச்சியில் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டையும் இதற்கு நம்பக் கூடாது. அதிலும் தாய் ப்ராசஸ் மாறாது. முழுதாக நிறுத்தித் தொடங்குவதே சரி.

ரீஸ்டார்ட்டுக்கு முன் கட்டாயம் செய்ய வேண்டியது கான்ஃபிக் சோதனை, அதாவது என்ஜின்எக்ஸ் கட்டளைக்குச் சிறிய டி ஆப்ஷன். ரீலோட் செய்யும்போது கான்ஃபிகில் பிழை இருந்தால் என்ஜின்எக்ஸ் பழைய கான்ஃபிகோடு தொடர்ந்து ஓடும். ரீஸ்டார்ட்டில் அந்தத் தயவு கிடையாது. நின்றது நின்றதுதான், தளம் விழுந்துவிடும். யாரோ எப்போதோ பாதியில் திருத்திவைத்த கான்ஃபிக் கோப்பு, இடம் மாற்றிவிட்ட சான்றிதழ் கோப்பு, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பிரைவேட் கீ, இவையெல்லாம் பல மாதம் கழித்து முதல் ரீஸ்டார்ட்டில்தான் வெளியே வரும். பூட்டிய கீ என்றால் கடவுச்சொல் கோப்பைக் கான்ஃபிகில் குறிப்பிட்டிருக்கிறீர்களா என்று முன்கூட்டியே பாருங்கள்.

சாதாரணத் தளத்துக்கு ரீஸ்டார்ட்டில் ஓரிரு நொடி இணைப்பு அறுபடுவது பெரிய விஷயமில்லை. கூட்டம் குறைந்த நேரத்தில் செய்துவிடுங்கள். அதுவும் கூடாது என்றால் என்ஜின்எக்ஸில் பறக்கும்போதே பைனரியை மாற்றும் வழி இருக்கிறது.

பழைய மாஸ்டருக்கு யூஎஸ்ஆர்2 சிக்னல் அனுப்புங்கள். அது தன் பிஐடி கோப்பின் பெயரோடு ஓல்ட்பின் என்று சேர்த்துவிட்டு, டிஸ்கில் இருக்கும் பைனரியிலிருந்து புதிய மாஸ்டரைத் தொடங்கும். கேட்டுக்கொண்டிருக்கும் சாக்கெட்டுகள் புதியதற்குக் கைமாறும். இது புதிதாகத் தொடங்கிய ப்ராசஸ் என்பதால் புதிய லைப்ரரியையே ஏற்றும். இப்போது இரண்டு மாஸ்டர்களும் சேர்ந்தே கோரிக்கைகளை ஏற்கும். புதியதின் மேப்ஸ் கோப்பில் 'டிலீட்டட்' இல்லை என்று பார்த்துக்கொண்டு, பழைய மாஸ்டருக்கு வின்ச் சிக்னல் அனுப்பினால் அதன் ஒர்க்கர்கள் கையிலிருக்கும் கோரிக்கைகளை முடித்துவிட்டு வெளியேறும். சில நிமிடம் லாகைக் கவனியுங்கள். எல்லாம் சரி என்றால் பழைய மாஸ்டருக்கு க்விட். கோளாறு தெரிந்தால் பழைய மாஸ்டருக்கு ஹப் அனுப்பி அதன் ஒர்க்கர்களைத் திரும்ப எழுப்பிவிட்டு, புதியதற்கு க்விட் கொடுங்கள். பழைய மாஸ்டரைக் கடைசிவரை வைத்திருப்பதன் அருமை இந்த இடத்தில்தான் தெரியும்.

இதில் ஒரு சிக்கல்: வெப்சாக்கெட் போன்ற நீண்ட இணைப்புகள் இருந்தால் பழைய ஒர்க்கர்கள் 'ஷட்டிங் டவுன்' என்று காட்டியபடி மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அவை பழைய லைப்ரரியோடுதான் இருக்கின்றன. ஒர்க்கர் ஷட்டவுன் டைம்அவுட் என்ற அமைப்பைக் கான்ஃபிகில் வைத்தால் அந்த நேரத்துக்குள் அறுத்துவிடும்.

என்ஜின்எக்ஸ் மட்டும்தானா?

இல்லை. பிஎச்பி-எஃப்பிஎம், போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், போஸ்ட்கிரெஸ், ஓப்பன்விபிஎன், எஸ்எஸ்ஹெச் என லிப்கிரிப்டோவைத் தொடும் சர்வீஸ்கள் நீளும். வெளியே போகும் இணைப்புகளும் முக்கியம். மேலே சொன்ன 3602 ஓட்டையையே பாருங்கள். சான்றிதழில் உள்ள மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்க்கும் இடத்தில் ஏற்படும் 4 பைட் வழிதல் அது. வருகிறவர்களிடம் கிளையன்ட் சான்றிதழ் கேட்காத வெப் சர்வரை அது நேரடியாகத் தொடாது. ஆனால் அதே சர்வரிலிருந்து வெளியே வேறொரு சர்வரைக் கூப்பிடும் பிஎச்பி நிரல் கிளையன்ட் நிலையில் இருக்கிறது, அது தொடப்படும். என்ஜின்எக்ஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தால் ஆபத்து இருந்த இடத்திலேயே இருக்கும். நீட்ரீஸ்டார்ட் பட்டியல் நீளமாக இருந்தாலோ, கர்னல் அப்டேட்டும் சேர்ந்து காத்திருந்தாலோ, ஒரேயடியாக ரீபூட் செய்வதே நல்லது.

சிஸ்டம் லைப்ரரியைத் தொடாமல் சொந்தப் பிரதி வைத்திருப்பவையும் உண்டு. கன்டெய்னருக்குள் ஓடும் என்ஜின்எக்ஸுக்கு இமேஜில் இருக்கும் லைப்ரரிதான். ஹோஸ்டில் எத்தனை முறை அப்கிரேட் ஓட்டினாலும் அதற்குத் தெரியாது. அடிப்படை இமேஜைப் புதிதாக இழுத்து, கேஷ் இல்லாமல் பில்ட் செய்து, கன்டெய்னரை மாற்ற வேண்டும். நோட்.ஜேஎஸ் அதிகாரப்பூர்வ பைனரி தனக்குள்ளேயே ஓப்பன்எஸ்எஸ்எல்லைச் சுமந்து வருகிறது. பைதானின் கிரிப்டோகிராஃபி பேக்கேஜைப் பிப் வழியாக நிறுவினாலும் அதே கதைதான். மாறாக, கேடி என்ற வெப் சர்வர் கோ மொழியின் சொந்த டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கும் நெறிமுறை) லைப்ரரியில் ஓடுகிறது, ஓப்பன்எஸ்எஸ்எல் ஓட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உங்கள் என்ஜின்எக்ஸ் எந்த வகை என்று அறிய, அதன் கட்டளைக்குப் பெரிய வி ஆப்ஷன் கொடுங்கள். 'பில்ட் வித்' என்று ஒரு ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பு வரும். ஓடுவது வேறு பதிப்பு என்றால் 'ரன்னிங் வித்' என்று அதையும் சேர்த்துக் காட்டும். கீழே வரும் கான்ஃபிகர் வரியில் 'வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்' என்று ஒரு சோர்ஸ் பாதை இருந்தால், யாரோ அதை என்ஜின்எக்ஸுக்குள்ளேயே இணைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஏபிடி அதற்கு உதவாது, மறுபடி கட்ட வேண்டும்.

சோர்ஸிலிருந்து ஏன் வேண்டாம்

சோர்ஸை இறக்கி, கான்ஃபிக், மேக், மேக் இன்ஸ்டால் என்று ஓட்டினால் லைப்ரரிகள் யூஎஸ்ஆர் லோக்கல் அடியில், 64 பிட் இயந்திரத்தில் பெரும்பாலும் லிப்64 கோப்பகத்தில் போய் விழும். உபுண்டுவின் லோடர் அந்தக் கோப்பகத்தைத் தேடுவதில்லை. உடனே ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளை லைப்ரரி கிடைக்கவில்லை என்றோ பதிப்பு பொருந்தவில்லை என்றோ திட்டும். இணையத்தில் தேடினால் 'எல்டி கான்ஃபிகில் (லோடர் தேடும் இடங்களின் பட்டியல்) பாதையைச் சேர்' என்று பதில் வரும். சேர்த்ததும் வெர்ஷன் கட்டளை புதிய எண்ணைக் காட்டும், ஸ்கேனரும் பச்சையாகும். உண்மையான தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

3.0 முதல் 3.6 வரை எல்லாப் பதிப்புகளின் லைப்ரரிப் பெயரும் ஒன்றே, கடைசியில் 3 என்றுதான் இருக்கும். ஆகவே கர்ல், எஸ்எஸ்ஹெச், பைதான் என்று சிஸ்டம் முழுக்க உங்கள் கைத்தயாரிப்பை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். அந்த லைப்ரரி தன் அமைப்புக் கோப்பையும் நம்பகச் சான்றிதழ்களையும் யூஎஸ்ஆர் லோக்கல் எஸ்எஸ்எல் கோப்பகத்தில் தேடும். உபுண்டு வைத்திருப்பதோ இடிசி எஸ்எஸ்எல் கோப்பகத்தில். நம்பகப் பட்டியல் எங்கே என்று தனியாகச் சொல்லாத நிரல்களுக்கெல்லாம் பட்டியல் காலியாகத் தெரியும், 'லோக்கல் இஷ்யூயர் சான்றிதழ் கிடைக்கவில்லை' என்று இணைப்பு முறியும். யாராவது இதைச் சமாளிக்கச் சான்றிதழ் சரிபார்ப்பையே அணைத்துவிட்டால், ஓட்டையை அடைக்கப் போய்க் கதவையே கழற்றிய கதை. இன்னொன்று, ஓப்பன்எஸ்எஸ்ஹெச் தொடங்கும்போது தான் கட்டப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு ஓடும் பதிப்பு பொருந்துகிறதா என்று பார்க்கும், பொருந்தவில்லை என்று முடிவுசெய்தால் தொடங்காது. தொலைவில் இருக்கும் சர்வர் என்றால் உள்ளே நுழையவே வழியில்லாமல் போகும்.

இவற்றை விட முக்கியம்: அன்றிலிருந்து அந்த லைப்ரரிக்குப் பராமரிப்பாளர் நீங்கள்தான். அடுத்த ஓட்டைக்கு ஏபிடி எதுவும் கொண்டுவராது. ஏற்கெனவே இப்படிச் செய்திருந்தால், எல்டி கான்ஃபிக் பாதையை நீக்கி, யூஎஸ்ஆர் லோக்கல் அடியில் உள்ள லைப்ரரிகளை வேறிடத்துக்கு நகர்த்தி, எல்டி கான்ஃபிக் கட்டளையை மறுபடி ஓட்டி, சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஓர் எஸ்எஸ்ஹெச் இணைப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு, இரண்டாவது இணைப்பு கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே முதலாவதை மூடுங்கள்.

சான்றிதழை எப்போது மாற்ற வேண்டும்

அறிவிப்பில் ஓட்டையின் விளைவு என்ன என்று படியுங்கள். சர்வர் விழும், சிபியூ சுற்றிக்கொண்டே இருக்கும் என்ற வகை என்றால் கீ எங்கும் போகவில்லை. 3.0.2 எதைச் சரிசெய்ய வந்ததோ அந்த சிவிஇ-2022-0778 இப்படிப்பட்டது. வேண்டுமென்றே தவறாக அமைத்த எலிப்டிக் கர்வ் அளவுகளோடு ஒரு சான்றிதழ் வந்தால் வர்க்கமூலக் கணக்கு முடிவில்லாமல் சுற்றும். பேட்ச், ரீஸ்டார்ட், அவ்வளவுதான்.

மெமரி வெளியே கசியும் வகை என்றால் நிலைமை வேறு. 2014 ஏப்ரல் 7 அன்று வெளியான ஹார்ட்பிளீட் அதற்குப் பெரிய உதாரணம். 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில், ஹார்ட்பீட் கோரிக்கையில் சொல்லப்பட்ட நீளத்தைச் சரிபார்க்காமல் விட்டதால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் 64 கேபி வரை சர்வர் மெமரி வெளியே போனது. பிரைவேட் கீ, கடவுச்சொல், குக்கி எல்லாமே அதில் இருக்கக்கூடும், லாகில் தடயமும் இருக்காது. அன்றைக்கும் பதிப்பெண் குழப்பம் இதேதான்: திட்டக்குழு 1.0.1ஜி வெளியிட்டது, உபுண்டு 12.04 பேட்ச் போட்ட பிறகும் 1.0.1 என்றே காட்டியது.

அந்த வகையில் வரிசை முக்கியம். முதலில் பேட்ச், ரீஸ்டார்ட். பிறகு புதிய பிரைவேட் கீ, அந்தக் கீயில் புதிய சான்றிதழ். அதை நிறுவிய பின் பழைய சான்றிதழை ரீவோக் செய்வது, அதாவது செல்லாததாக்குவது. கடைசியாகப் பயனர்களின் செஷன்களும் கடவுச்சொற்களும். பேட்சுக்கு முன் புதிய கீ வைத்தால் அதுவும் கசியும். பழைய கீயிலேயே புதிய சான்றிதழ் வாங்கினால் எதுவும் மாறவில்லை என்றுதான் அர்த்தம். சான்றிதழின் தேதி புதிதாக இருப்பதால் எல்லாரும் திருப்தியாகிவிடுவதுதான் இதில் ஆபத்து. பழைய, புதிய சான்றிதழ்களிலிருந்து பப்ளிக் கீயை எடுத்து ஷா256 ஹேஷ் ஒப்பிடுங்கள், ஒன்றாக இருந்தால் கீ மாறவில்லை. சர்ட்பாட் வழக்கமாக ஒவ்வொரு முறையும் புதிய கீ உருவாக்கும், ரீயூஸ்-கீ ஆப்ஷன் போட்டிருந்தால் உருவாக்காது. திரும்பி வரும் பயனரின் இணைப்பை வேகமாகத் தொடர உதவும் செஷன் டிக்கெட் கீயைக் கோப்பில் வைத்திருக்கிறீர்கள் என்றால் அதையும் மாற்ற வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கீயே பலவீனமாக உருவான வகையும் உண்டு. 2008 மே மாதம் அறிவிக்கப்பட்ட டெபியன் கோளாறில், பேக்கேஜில் செய்த ஒரு மாற்றத்தால் ரேண்டம் எண்ணுக்கு ப்ராசஸ் எண்ணைத் தவிர வேறு ஆதாரமே இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு கீ வகைக்கும் அளவுக்கும் 32,768 கீகள்தான் சாத்தியம். அங்கே லைப்ரரியைத் திருத்தியது முதல்படி மட்டுமே. 2006 செப்டம்பரிலிருந்து அந்த இயந்திரங்களில் உருவான எல்லாக் கீகளையும் தூக்கியெறிய வேண்டியிருந்தது.

எவ்வளவு அவசரம்?

திட்டக்குழு குறைவு, நடுத்தரம், அதிகம், மிகக் கடுமை என்று நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. பெரிய ஓட்டை என்றால் வெளியீட்டு நாளை முன்கூட்டியே சொல்லிவிடும். 3.0.7-க்கு 2022 நவம்பர் 1, யூடிசி 13 முதல் 17 மணி என்று சொன்னார்கள். இந்திய, இலங்கை நேரப்படி மாலை 6.30 முதல் இரவு 10.30. அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் அன்று மாலை ஓர் ஆளை ஒதுக்கி வையுங்கள். அந்த 3.0.7-ஐ முதலில் மிகக் கடுமை என்று அறிவித்து, வெளியீட்டு நாளில் அதிகம் என்று இறக்கினார்கள், முன்னறிவிப்பை மட்டும் வைத்து அலற வேண்டியதில்லை. குறைவு, நடுத்தர நிலைகளுக்கு வாராந்தரப் பராமரிப்பு நேரம் போதும்.

பின்வாங்கும் வழியையும் யோசித்து வையுங்கள். உபுண்டு களஞ்சியத்தில் முதன்முதலில் வந்த பேக்கேஜும் ஆகக் கடைசி பேக்கேஜும்தான் பொதுவாகக் கிடைக்கும், இடைப்பட்டவை இருக்காது. நேற்று வரை ஓடிய பேக்கேஜ் வேண்டுமென்றால் அப்கிரேடுக்கு முன் அந்த டெப் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள், அல்லது விஎம் ஸ்னாப்ஷாட் எடுங்கள்.

பெரிய பதிப்புக்கு மாறும்போது மட்டும்

திட்டக்குழு 3.0 தொடரைப் பராமரிப்பது 2026 செப்டம்பர் 7 வரை. அதன் பிறகும் உபுண்டு தன் பயனர்களுக்குத் தானே பேட்ச் செய்யும், அன்றே எல்லாம் முடிந்துவிடாது. நீண்டகால ஆதரவுள்ள அடுத்த தொடர் 2025 ஏப்ரலில் வந்த 3.5. டெபியன் 13 அதைத்தான் கொண்டிருக்கிறது. புதியது வேண்டும் என்றால் ஓஎஸ்ஸை உயர்த்துங்கள், லைப்ரரியை மட்டும் அல்ல.

1.1.1-இலிருந்து 3.0-க்குப் போகும்போது அதிகம் உடைவது வெளியே போகும் இணைப்புகள். பழைய சர்வரைக் கூப்பிடும்போது 'அன்சேஃப் லெகசி ரீநெகோஷியேஷன்' என்று பிழை வந்தால், எதிர்முனை ஆர்எஃப்சி 5746 என்ற பாதுகாப்பான ரீநெகோஷியேஷன் தரத்தை ஆதரிக்கவில்லை. 'டிஹெச் கீ டூ ஸ்மால்' என்றால் எதிர்முனை தரும் டிஃபி-ஹெல்மன் கீயின் அளவு போதவில்லை. பழைய விண்டோஸில் உருவான பிஎஃப்எக்ஸ் கோப்பு (சான்றிதழும் கீயும் சேர்ந்தது) திறக்கவில்லை என்றால் ஆர்சி2 குறியாக்கம்தான் காரணம், லெகசி ஆப்ஷனோடு திறந்து புதிய குறியாக்கத்தில் மறுபடி சேமியுங்கள். 3.5-இல் இன்னொன்று சேரும்: குவாண்டம் கணினிகளைத் தாங்கும் எம்எல்-கெம் கலப்புக் கீ பரிமாற்றம் இயல்பாகவே முன்வைக்கப்படுகிறது. அதற்கான கீப்பகுதி மட்டும் 1,216 பைட். இணைப்பைத் தொடங்கும் கிளையன்ட் ஹலோ செய்தி ஒரே பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகும், சில பழைய ஃபயர்வால்கள் அதைப் பார்த்துப் பதிலே தராமல் நின்றுவிடும். அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் எக்ஸ்25519 என்று கட்டுப்படுத்துங்கள். எந்தச் சிக்கலுக்கும் பாதுகாப்பு நிலையைச் சிஸ்டம் முழுக்க இறக்குவது தீர்வாகாது.

ஆடிட் குழுவுக்கு என்ன கொடுப்பது

டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்கில் ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பெண் வெளியே தெரியாது. அப்பாச்சி தன் சர்வர் ஹெட்டரில் அதைச் சொல்லக்கூடும், சர்வர்டோக்கன்ஸ் அமைப்பைப் ப்ராட் என்று வைத்தால் நின்றுவிடும். என்ஜின்எக்ஸ் சொல்வதில்லை. ஆக உங்கள் ஸ்கேனர் உள்ளே நுழைந்து வெர்ஷன் கட்டளையின் வெளியீட்டைத்தான் படித்திருக்கும். நான்கு விஷயங்களை எடுத்துக் கொடுங்கள்: லிப்எஸ்எஸ்எல்3-இன் முழு எண், சேஞ்ச்லாகில் அந்த சிவிஇ வரும் வரி, டிபிகேஜி லாகில் பேக்கேஜ் ஏறிய தேதியும் நேரமும், என்ஜின்எக்ஸ் மாஸ்டர் தொடங்கிய நேரம். நான்காவது மூன்றாவதற்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் ஸ்கேனரோடு வாதாடுவதை விட்டுவிட்டு முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.